முற்றுவதற்கு முந்தைய நாள்

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணிப் பேராலயத்தில் கொடி ஏறுகிற வாரத்தில்தான், ஆடிப் பிறப்பை ஒட்டி ஊன்றிய வெண்டை முதல் காயைக் காட்டும். 45 நாள் கணக்கு. செப்டம்பர் 8 அன்னையின் பெருவிழா வரை ஊர் நிரம்பி வழியும். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள். அவர்களில் பலர் அந்த நாட்களில் மீன், கறி தொடுவதில்லை. உள்ளூரில் வீட்டுக்கு வீடு உறவுக்கூட்டம். சமையலுக்குக் காய் வேண்டும், ஆனால் கொல்லைக் கதவைத் திறக்க யாருக்கும் நேரம் இருக்காது. கொடி இறங்கி, ஊர் ஓய்ந்து எட்டிப் பார்த்தால் வெண்டைச் செடியில் சாண் நீளக் காய்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். கத்தி இறங்காது.

அந்த நாலைந்து காயை ஆட்டுக்குப் போட்டுவிட்டால் நட்டம் அதோடு தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீர்வதில்லை. செடிக்குத் தெரிந்த வேலை விதை உண்டாக்குவது. காய்க்குள் விதை திரளத் தொடங்கியதும் இலை சமைத்த சத்தெல்லாம் அந்த விதைக்கே போகும். மேலே புதுப் பூ குறையும். பூத்ததும் பாதி உதிரும். நாலு காயை முற்றவிட்ட வெண்டைச் செடி வந்த வேலை முடிந்தது என்று ஓய ஆரம்பித்துவிடும். அதே வரிசையில் நாள் விட்டு நாள் பறித்த செடியோ மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டிருக்கும். பூசணி, சுரை, வெள்ளரி வகைகளில் இது இன்னும் வெளிப்படை. கொடியின் அடியில் ஒரு காய் பெருத்துக்கொண்டிருக்கும்வரை நுனியில் பிடிக்கும் பிஞ்சுகள் வெம்பி விழும்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் விதை எங்கே கிடைக்கும், எரு எவ்வளவு, பூச்சிக்கு என்ன தெளிக்கலாம் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். எப்போது பறிப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அது தானாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. ஆசை ஆசையாய் வளர்த்த காய் இன்னும் கொஞ்சம் பெருக்கட்டுமே என்கிற பாசமும் சேர்ந்துகொள்கிறது. என் கண்ணில் படுகிற கொல்லைகளில் பூச்சி தின்று போகிற காயைவிட, பாசத்தால் முற்றிப் போகிற காய்தான் அதிகம். எருவும் தண்ணீரும் எப்படியோ அப்படியே பறிப்பும் வளர்ப்பைச் சேர்ந்தது. இன்றைய பறிப்புத்தான் அடுத்த வாரத்துக் காயைத் தீர்மானிக்கிறது.

மணல்மேட்டுக் கொல்லை

வேளாங்கண்ணிக்கு வடக்கே தெற்குப் பொய்கைநல்லூர். தெற்கே வெள்ளையாற்றைத் தாண்டினால் செருதூர், பிரதாபராமபுரம், காமேஸ்வரம், விழுந்தமாவடி என்று வேதாரண்யம் வரைக்கும் கடலை ஒட்டி நீளும் மணல் பூமி. சற்று மேற்கே நகர்ந்தால் களிமண், நெல், வரப்பு. இங்கே மா, முந்திரி, சவுக்கு, கடலை, காய்கறி. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வந்தாலும் அது நெல்லுக்குத்தான். மணல்மேட்டுக் கொல்லை நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் தனிப் படலமாக நிற்கும். அதைக் கலக்காமல் எடுக்கத்தான் இந்தப் பக்கத்தில் ஆழம் இல்லாத குட்டைகளைத் தோண்டி, குடத்தில் மொண்டு, செடிக்குச் செடி ஊற்றினார்கள். மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து இழுத்தால் நல்ல தண்ணீரைத் துரத்திக்கொண்டு உப்பு மேலே வரும்.

மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. சூடும் சீக்கிரம் ஏறுகிறது. காலையில் ஊற்றிய ஈரம் பிற்பகலில் இருக்காது. ஒரு நாள் தண்ணீர் தவறினால் அவரையில் நார் கூடும், முள்ளங்கி காரம் ஏறி நடுவில் சக்கையாகிவிடும். அதனால் விதைப் பாக்கெட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கு இந்த மண்ணுக்குத் தோராயம்தான். அது சொல்வது, எந்த வாரத்திலிருந்து தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை. எந்தக் காயை எடுப்பது என்பதைக் கையும் கண்ணும்தான் சொல்ல வேண்டும்.

பொய்கைநல்லூர்ப் பக்கத்துக் கத்தரியை நாகைக்காரர்கள் 'பொய்யூர்க் கத்தரி' என்று பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் மாமியாரும் மருமகளும் கத்தரி பறித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மருமகள் கண்ணுக்குப் பெரியதாகப் பட்ட காயில் கை வைத்தார்.

"அத வுடு ஆயி, அது மங்கிப் போச்சு. இந்தாண்ட இருக்குறத எடு."

"இது சின்னதா இருக்கே அத்தை?"

"சின்னதா இருந்தா என்ன? அமுக்கிப் பாரு. பள்ளம் வுழுந்து எழும்புதா?"

எழும்பியது. அந்தக் காயைக் காம்போடு சேர்த்துச் சின்னக் கத்தியால் அறுத்துக் கூடையில் போட்டார்கள். பெரிய காயையும் அறுத்து எடுத்தார்கள், செடியில் நிற்க வேண்டாம் என்பதற்காக. அதை அங்கேயே பிளந்து காட்டினார் அந்த அம்மா. உள்ளே விதை பழுப்பேறி வரிசை கட்டியிருந்தது. அந்தக் காய் குழம்பில் கசக்கும்.

அவர் விரல் சொன்னதை விரித்துச் சொல்வதானால்: பெருவிரலால் லேசாக அமுக்கும்போது பள்ளமே விழாமல் விறைத்து நின்றால் காய்க்கு இன்னும் நாள் இருக்கிறது. பள்ளம் விழுந்து உடனே மேலெழும்பினால் அதுதான் பக்குவம். விழுந்த பள்ளம் அப்படியே நின்றால் பருவம் தாண்டிவிட்டது. தோலின் பளபளப்பும் அதையே சொல்லும். மினுமினுப்பு இருக்கும்வரை பிஞ்சு. மங்கினால் உள்ளே விதை இறுகுகிறது. ஊதா நிறக் கத்தரியில் இன்னொரு அடையாளமும் உண்டு. காம்பின் தொப்பிக்கு அடியில் தோல் வெளிறி ஒரு வளையமாகத் தெரிந்தால் காய் இன்னும் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. வளையம் குறுகி மறைந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது, இனி எடுத்துவிட வேண்டியதுதான். நாற்று நட்ட 55, 60 நாளில் தொடங்கும் கத்தரிப் பறிப்பை நாலைந்து நாளுக்கு ஒரு தரம் விடாமல் செய்தால் செடி மாதக்கணக்கில் ஓடும். கையால் இழுத்துப் பிடுங்கினால் கிளை கிழியும். கிழிந்த இடத்தில் நோய் ஏறும். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மரியாதைக்குப் பொய்யூர்க் கத்தரியும் தகும் என்று சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க எனக்கு மனமில்லை.

வெண்டைக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் தயார். கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. சொந்தச் செடியில் ஒடிக்கத் தேவையில்லை, நுனியை வளைத்தாலே விறைப்பு தெரிந்துவிடும். முக்கியமானது இடைவெளி. வெயில் காலத்தில் இரண்டு நாள் தாண்டக் கூடாது. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்: "பறிச்சு நீங்களே ஆக்கிக்குங்க, செடியில மட்டும் வுட்டுடாதீங்க." தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கொத்தவரை, காராமணி இரண்டும் தோலுக்கு மேல் விதை முட்டித் தெரிவதற்கு முன்பே. உப்பைத் தாங்கும் காய்களில் கொத்தவரையும் ஒன்று என்பதால் கடலோரக் கொல்லைக்கு அது நல்ல துணை. அவரையில் மட்டும் வீட்டுக்கு வீடு ருசி வேறு. தோலோடு பொரியல் செய்கிறவர்கள் தட்டையாக இருக்கும்போதே எடுப்பார்கள். பருப்புக்காக வளர்ப்பவர்கள் விதை புடைத்துத் தோல் வெளிறும்வரை விடுவார்கள். இரண்டுமே சரி. ஆனால் விதைக்கு விட்ட கொடியில் பூ குறையும், அதைத் தெரிந்துதான் விட வேண்டும்.

முருங்கையைப் பற்றிச் சொல்லாமல் தஞ்சைத் தரணியில் கொல்லையைப் பற்றி எழுத முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 வந்தபிறகு, விதை ஊன்றிய ஆறு மாதத்துக்குள் காய் பறிக்கலாம் என்றாகிவிட்டது. அதற்கு முன்பு போத்து நட்டுக் காத்திருந்தார்கள். முருங்கையில் நீளம் ஏமாற்றும். இரண்டடி நீளக் காயும் பிஞ்சாக இருக்கலாம், ஒன்றரை அடிக் காயும் முற்றியிருக்கலாம். காயை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் நல்ல பக்குவம். விறைத்துக்கொண்டு, விதை இருக்கும் இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் சாம்பாரில் சப்பித் துப்பத்தான் ஆகும். சுண்டுவிரல் தடிமனில் பறித்த இளங்காயைத் தோல் சீவாமல் நறுக்கிப் பொரியல் செய்யலாம். கடையில் அது கிடைக்காது. லாரி ஏறி வர வேண்டிய காய் வதங்காமல் இருக்கக் கொஞ்சம் முற்றித்தான் ஆக வேண்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வருகிற காய்க்கும் கொல்லைக் காய்க்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டு மூன்று நாள் வேறுபாடுதான். பணம் கொடுத்தாலும் கிடைக்காத பிஞ்சு கொல்லைக்காரருக்குக் கிடைக்கிறது. அதையும் முற்றவிட்டுத் தின்றால் பின் எதற்கு இந்தப் பாடு?

பந்தலும் கசப்பும்

பந்தல் காய்களில் கவனம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பீர்க்கு, சுரை, புடலை எல்லாம் ஒரே குடும்பம். இலை மறைவில் ஒரு காய் தப்பிவிட்டால் நாலு நாளில் ஆளை அசத்தும் அளவுக்குப் பெருத்துவிடும். பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தால் போதாது, ஒருமுறை சுற்றி வந்து பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும்.

பீர்க்கில் வரம்பு அடையாளம். வரம்புகள் மெத்தென்று மடங்கினால் பிஞ்சு. விரலை உறுத்தினால் உள்ளே நார் ஓடிவிட்டது. இன்னும் விட்டால் குளியலறைக்கு நார்தான் மிஞ்சும். புடலையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கும்போதே, காய் அமுக்கினால் கொடுக்கும்போதே அறுக்க வேண்டும். பாகல், முட்கள் புடைத்துப் பிரியத் தொடங்கும்போது, பச்சை குறையாமல் இருக்கையில். நுனியில் மஞ்சள் தட்டினால் உள்ளே விதை சிவந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அன்று மாலையே அறுத்தாலும் மறுநாள் கூடையில் பழுத்துக் கிடக்கும். சுரைக்கு நகம். தோலில் சுணை இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும், நகம் பட்டால் சுலபமாக இறங்க வேண்டும்.

சுரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிடக் கூடாது. நறுக்கியதும் நாக்கு நுனியில் ஒரு சின்னத் துண்டை வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். புளியும் காரமும் போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்கக் கூடாது, சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று குடித்து உயிரிழந்தவர்கள் இந்தியாவில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறது. இந்தக் குடும்பத்துச் செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் குக்கர்பிட்டாசின் என்கிற பொருள்தான் அந்தக் கசப்பு. வெயிலும் தண்ணீர்த் தட்டும் செடியை வாட்டும்போது அது ஏறலாம். பீர்க்கிலும் வெள்ளரியிலும் அளவுக்கு மீறிய கசப்பு தட்டினால் அதே விதிதான். பாகலின் இயல்பான கசப்பு வேறு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

முற்றவிட வேண்டிய காய்களும் பந்தலிலும் கூரையிலும் உண்டு. வெள்ளைப் பூசணியின் மேல் சாம்பல் படிந்து விரலில் ஒட்ட வேண்டும். பரங்கிக்குக் காம்பு காய்ந்து கட்டையாக வேண்டும், நகம் இறங்கவே கூடாது. இரண்டையும் இரண்டு விரல் நீளக் காம்போடு அறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல் எடுத்து, காற்றாட வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காம்பு பிய்ந்த பரங்கி அந்த இடத்திலிருந்துதான் அழுகும். பரங்கியைப் பிஞ்சில் பறித்தும் சமைக்கலாம், மார்கழியில் கோலத்துக்குப் பூவும் பறிக்கலாம். ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய் குறையாது. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் திரண்டிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

உப்பு சொல்லும் கணக்கு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் ஊர் திரும்பாத காலை. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர்களை எண்ணி முடித்தபிறகுதான் மண்ணைத் திரும்பிப் பார்க்க முடிந்தது. கடல் நின்றுவிட்டுப் போன வயலிலும் கொல்லையிலும் உப்பு பூத்துக் கிடந்தது. இந்த மண் இனித் தேறாது என்று பலர் சொன்னார்கள். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வார் நாகைக்கு வந்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, தழையும் மட்கும் சேர்ப்பது, மழைநீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்குவது என்று உழவர்களோடு இறங்கி வேலை செய்தார். மண் தேறியது. மணல் பூமியில் மழை உப்பைக் கழுவுவதும் வேகம். அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கொல்லைகளில் பறிப்பதைப் பற்றிப் பேச எதுவும் இருந்திருக்காது.

ஆனாலும் சித்திரை, வைகாசியில் கிணறு வற்றும்போது தண்ணீரில் உப்பு ஏறுகிறது. அப்போது காய் சிறுக்கும். தக்காளியில் இது நன்றாகத் தெரியும். உப்பு கலந்த நீரில் வளர்ந்த தக்காளி அளவில் சின்னது, ஆனால் சாறு செறிந்து இனிப்பு கூடியிருக்கும். 'இன்னும் பெருக்கவில்லையே' என்று காத்திருந்தால் பெருக்காது, அடி கறுத்து அழுகும். கடையில் கண்ட அளவை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த மண்ணில் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோடையில் தக்காளியைச் செடியிலேயே சிவக்கவிட வேண்டும் என்பதும் இல்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சிவப்பு நிறமி சரியாக உண்டாகாது. பழம் மஞ்சளும் காவியுமாக நின்றுவிடும். அடிப்பக்கம் லேசாக வெளிறிச் சிவப்பு ஓடத் தொடங்கியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் கூடையில் வைத்தால் நிறமும் ருசியும் வரும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பதும் நிற்கும், மணமும் போய்விடும். கத்தரி, வெண்டை, வெள்ளரிக்கும் அந்தக் குளிர் ஆகாது. கத்தரியில் பழுப்புக் குழி விழுவதைப் பார்த்து 'காய் சரியில்லை' என்று சொல்கிறோம். பாவம், காய் என்ன செய்யும்?

கீரைக்கு விடியற்காலை. இரவெல்லாம் நீர் ஏறி விறைத்து நிற்கும் இலையைப் பத்து மணி வெயிலுக்கு முன் எடுத்துவிட வேண்டும். முளைக்கீரையை மூன்று வாரத்தில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் வாரம் ஒருமுறை தழைத்துக்கொண்டே இருக்கும். பூங்கதிர் தலைகாட்டினால் தாமதித்துவிட்டோம் என்று அர்த்தம்.

புயல் வருகிறது என்றால்

வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கடற்கரைக்கு வேறொரு பறிப்புக் கலை தேவைப்படுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது தென்னை, மா, முந்திரி, முருங்கை எதுவும் மிஞ்சவில்லை. தென்னையும் மாவும் போனது ஒரு தலைமுறைச் சொத்து போனது. அந்த இழப்பைப் பறிப்பால் தடுக்க முடியாது. ஆனால் கொல்லையில் நின்ற காய் வேறு கதை. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை இரண்டு மூன்று நாள் முன்பே வந்துவிடுகிறது. அந்த நாட்களில் எதை எடுக்கலாம், எதை எடுத்தால் வீண் என்று தெரிந்திருந்தால், புயலுக்குப் பிந்தைய வாரத்தில், கடை திறக்காத நாட்களில், அடுப்பில் ஏற்ற ஏதாவது இருக்கும்.

பச்சைத் தக்காளியில் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதையைச் சுற்றிக் குழகுழப்பு கட்டி, கத்தி பட்டதும் விதை வழுக்கி விலகினால் அந்தப் பருவத்துக் காயெல்லாம் வீட்டில் பழுக்கும். விதை கத்தியில் இரண்டாக அறுபட்டால் அவை பழுக்காது; பச்சையாகவே கூட்டு, துவையல் செய்ய வேண்டியதுதான். வாழைத் தாரில் காயின் விளிம்புகள் கூர்மை மழுங்கி உருண்டு வந்தால் முக்கால் பருவம் ஆகிவிட்டது, வெட்டிக் கட்டித் தொங்கவிடலாம். கூர் அப்படியே இருந்தால் பழத்துக்கு ஆகாது, பொரியலுக்கு ஆகும். முருங்கையில் கைக்கு எட்டுகிற காயை எல்லாம் எடுத்துவிட்டுக் கிளையையும் கழித்துவிடலாம். முருங்கை எளிதில் முறியும் மரம், காற்றைத் தாங்காது. சுமை குறைந்தால் அடிமரம் தப்பும், தப்பினால் துளிர்த்துவிடும். காம்பு கட்டையாகிவிட்ட பரங்கியையும் பூசணியையும் உள்ளே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

கடலை போட்டவர்களுக்கு மழைக்கு முந்தைய வாரம் பெரும் பதற்றம். இலை மஞ்சளாவதை மட்டும் நம்பக் கூடாது. நாலு இடத்தில் ஒவ்வொரு செடி பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் இளசு. பழுப்புக் கறை படிந்திருந்தால் முற்றல். பெரும்பாலான காயில் கறை கண்டுவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கொத்துக் கடலைக்கு விதை உறக்கம் இல்லை, ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும்.

தை பிறப்பதற்குள் கிழங்குகள் வந்துவிடும். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுகறிக் கூட்டுக்கும் பொங்கல் குழம்புக்கும் அவரை, மொச்சை, பரங்கி, வள்ளி, சேம்பு எல்லாம் ஒன்றாய் வேண்டியிருக்கிறது. ஆடியில் ஊன்றியவன் கொல்லை மார்கழியில் அதை அப்படியே எடுத்துக் கொடுப்பது அழகான ஏற்பாடு. சேம்பும் கருணையும் இலை மஞ்சளாகித் தண்டு சாய்ந்தபின். சர்க்கரைவள்ளிக்கு மண்ணில் வெடிப்பு விழும், ஆனால் மணலில் வெடிப்பு சரியாகத் தெரியாது. ஒரு கிழங்கைத் தோண்டி அறுத்துக் காற்றில் வைத்துப் பாருங்கள். அறுத்த முகம் வெள்ளையாகவே உலர்ந்தால் முற்றிவிட்டது. கருமையோ பச்சையோ ஓடினால் மண்ணுக்குள்ளேயே இன்னும் சில நாள் இருக்கட்டும்.

விதைக்காய்

எல்லாவற்றையும் பிஞ்சில் பறித்துத் தின்றுவிட்டால் அடுத்த பட்டத்துக்கு விதை ஏது? இங்கேதான் முற்றவிடுவதற்கு நியாயம் இருக்கிறது, அதையும் எண்ணித் துணிந்து செய்ய வேண்டும். பறிக்க மறந்து கடைசியில் நின்ற காயை விதைக்கு எடுப்பது பரவலான வழக்கம். அது தவறான வழக்கம் என்பேன். கடைசியில் நிற்பது ஓய்ந்துபோன செடியின் காய். செடி நல்ல திடத்தில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது பறிப்பில், நோய் படாத, நன்றாகக் காய்க்கிற செடியில் ஒரே ஒரு காயைத் தேர்ந்து துணி கட்டிவிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், அது சமையலுக்கு இல்லை என்று. அந்தச் செடியில் இனிக் காய் குறையும். குறையட்டும், மற்றச் செடிகளைப் பறித்துக்கொண்டே இருக்கலாம்.

கத்தரி மஞ்சளாகி மெத்தென்று ஆகும்வரை செடியில் நிற்க வேண்டும். பிறகு பிசைந்து தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதந்து போகும். வெண்டை நெற்று காய்ந்து வெடிப்பதற்கு ஒரு நாள் முன்பு. சுரையும் பீர்க்கும் கொடியிலேயே உலர்ந்தால் விதை உள்ளேயே பத்திரம். அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கையில்தான் மற்ற விதைகளையும் சாம்பல் கலந்து போட்டு அடுப்படிப் பரணில் தொங்கவிட்டார்கள். ஒட்டுரகப் பாக்கெட்டில் வாங்கிய செடியில் விதை எடுத்தால் தாயைப் போல் பிள்ளை வராது. நாட்டு ரகத்தில்தான் இது பலிக்கும். பக்கத்தில் வேறு ரகக் கத்தரி இருந்தால், விதைக்கு விடப்போகும் மொட்டின் மேல் மெல்லிய துணிப்பை ஒன்றைக் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்துவிடலாம். தேனீ செய்கிற கலப்பு அதோடு நிற்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் செடியில் எதுவும் உலராது, காய்க்குள்ளேயே பூஞ்சணம் பூக்கும். ஆடிப்பட்டத்தில் தவறவிட்டவர்கள் தைப்பட்டத்துச் செடியில் பங்குனி, சித்திரை வெயிலை நம்பி விதைக்காய் விடுவது நல்லது. ஒரு வீட்டுக்கு ஒரு கத்தரிக்காய் விதை போதும். தெருவுக்கே நாற்று கொடுக்கலாம்.